முப்பத்தொரு பேர் பார்த்த வரைவு

1

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். கதையும் எழுதுவேன்.

முதல் தொடக்கம்: ‘மின்சுற்றுகளை அவள் கனவிலும்…’ வேண்டாம், பொய்.

இரண்டாவது: கம்ப்யூட்டர் லேபில் மின்சுற்று விளையாட்டு. திரையில் ஒயரைச் சரியாக இணைத்தால் பல்பு எரியும், புள்ளி ஏறும். எழிலரசி (பெயரை மாற்றியிருக்கிறேன்) மூன்று வாரமாக முதலிடம்.

“எப்படிடீ?”

“தப்பாப் போட்டாலும் இது திட்டாது மிஸ். திரும்பப் போடலாம்.”

அன்று லேபைப் பூட்டும்போது, அவளாகவே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவர் [               ].

2

அடைப்புக்குறிக்குள் இருந்ததை அழித்துவிட்டேன். முதல் வரைவில் அது இருந்தது. அவளுடைய உண்மைப் பெயரும் இருந்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிளவுடில் என் சொந்த ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறேன் என்றும் நினைத்தேன்.

மறுநாள் காலை பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது செல்போனில் வரைவைத் திறந்தேன். ஓரத்தில் எழிலரசி ஒரு குறிப்பு போட்டிருந்தாள்.

“மிஸ், இது கிளாஸ் ஃபோல்டர்.”

பார்த்தவர்கள்: முப்பத்தொரு பேர். வகுப்பே முப்பத்தொரு பேர்தான். கண்டக்டர் இரண்டு முறை கேட்டும் எங்கே இறங்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

(அப்படி ஓரத்தில் குறிப்பு போடக் கற்றுக்கொடுத்தவள் நான்.)

3

இங்கே அவள் அழுவதாக எழுதி, அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.

அன்று பள்ளிக்கு வரவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

“டி.சி. குடுத்துடுங்க மிஸ். வேற ஸ்கூல் பாத்துக்கறோம்.”

பின்னாலிருந்து எழிலரசி வந்தாள். “பாஸ்வேர்ட யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான மிஸ் சொல்லிக் குடுத்தீங்க. எங்கப்பா விஷயத்த ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

“தெரியாம அந்த ஃபோல்டர்ல போட்டுட்டேம்மா.”

“ஃபோல்டரு தெரியாமப் போட்டீங்க, சரி. எழுதுனது?”

அந்தக் கேள்வியை அவள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

4

மறுநாள் வகுப்பில் முப்பது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறாள். இன்னொன்றில் திரும்பி வந்து, வழக்கமான கம்ப்யூட்டர் முன்னால்… இரண்டையும் அழித்துவிட்டேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால், இந்த முறை மேற்கொண்டு எழுதுவதற்கு முன் அவளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

கடைசிவரை கேட்டாள்.

“இதுவரைக்கும் இருக்கட்டும். இதுக்கு மேல வேணாம் மிஸ்.”