நாக்குக்கு அடியில்

...நாக்கைத் தூக்கு என்று சொன்னது நான்தானா, அதுவும் இந்தக் குரலிலா, எதிரே இருப்பது வார்டு இல்லையே, பெரம்பலூரில் என் வீடு, பாயில் காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பது நான் பெற்ற தனம், ஆறு வயசு, அரை மாத்திரை கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், அதோடு விட வேண்டியதுதானே, கை தானாகப் போய்க் குழந்தையின் தாடையைப் பிடித்துவிட்டது... பட்டணத்து மனநோய் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக இதே வேலை, நாற்பது பெண்களுக்கு ஒரு நர்ஸ், மாத்திரையைக் கொடு, வாயைத் திறக்கச் சொல், கன்னத்து ஓரம் பார், நாக்குக்கு அடியில் பார், பிறகுதான் அடுத்த ஆள். அரியலூர் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இவர் சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி எட்டிப் பார்த்தார். "ஏய் சம்பூர்ணம், இது ஆசுபத்திரி இல்ல, வூடு. புள்ள பயப்படுது பாரு." பயப்படட்டுமே, பயந்தால் முழுங்குவாளே என்று ஒரு கணம் நினைத்தேன், பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது?

இருசம்மாள் பயப்படவில்லை, அதுதான் வினையாகிப் போனது. பாடாலூர்க்காரி, எங்கள் பெரம்பலூர்ப் பக்கம்தான், அந்த வார்டில் என்னை சிஸ்டர் என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள், "நம்ம பக்கம் மழ பேஞ்சுதாக்கா?" என்று தினமும் கேட்பாள், நானும் பட்டணத்தில் இருந்துகொண்டு நல்ல மழை என்று அளந்துவிடுவேன்... மாத்திரையைப் போட்டதும் தானே வாயைத் திறப்பாள், ஊர்க்காரி வாயில் விரலை விட்டுத் துழாவ எனக்குக் கூச்சம், "போதும்டி, மூடு, உன்ன நம்பாமயா" என்பேன். பதினெட்டு நாள் நம்பினேன். அத்தனை தூக்க மாத்திரையையும் துப்பிச் சேர்த்துவைத்து ஒரே மத்தியானத்தில் விழுங்கியிருக்கிறாள், அசந்து தூங்குகிறாள் என்று நானே போர்வையை இழுத்துவிட்டேன், சாயங்காலம் தொட்டால் உடம்பு சில்லிட்டிருந்தது... நாளைக்கு விசாரணை. "வேல ஜாஸ்தி, அசதியில கவனிக்கலன்னு சொல்லிடு, ஒரு மெமோவோட போயிடும்" என்று மேட்ரன் சொல்லி அனுப்பினார். அசதி இல்லையே, அசதி என்றால் நானே என்னை மன்னித்துக்கொள்வேன், பிரியத்தில் அல்லவா பார்க்காமல் விட்டேன், பிரியம் வைத்தேன், ஆள் செத்துப்போனாள் என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது?

பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், பை தயாராக இருக்கிறது, தனத்தைப் பார்த்துக்கொள்ள மாமியார் வந்துவிடுவார், இவரும் கிளம்பிப் போய்விட்டார், நான் மட்டும் இன்னும் பாய் ஓரத்தில் முட்டி போட்டபடி... தனத்தின் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. "முழுங்கிட்டேம்மா, நெசமாம்மா, நம்பும்மா." சரிடி கண்ணு, நம்புறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாத பேச்சா அது, வாயில் வந்ததென்னவோ மறுபடியும் நாக்கைத் தூக்கு என்பதுதான். இவள் பொய் சொல்லவில்லை, எனக்கு நன்றாகத் தெரிகிறது, தெரிந்தும் விரல் உள்ளே போகிறது...