மேட்டுத் திராட்சையின் பங்கு

குவளையை மூக்கருகே கொண்டுபோவதற்குள்ளேயே அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டான். "இதுலயும் உன் சரக்கைக் கலந்துட்டியா?" என்றான். தங்கை மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். இப்போது வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும்.

வீட்டில் அவளுக்கு அவன் வைத்திருந்த பெயர் புளிப்பு. அப்பா போனபின் திராட்சைத் தோட்டத்தைப் பிரித்தபோது ஓடையோரத்து வாசனைத் திராட்சை அவனுக்குப் போயிற்று. காற்றடிக்கும் மேடு அவளுக்கு. அங்கே விளைச்சலும் சொற்பம், விளைவதும் பல் கூசும் புளிப்பு. ஒயின் கூடம் மட்டும் பொதுவில் இருந்தது. அப்பா பெயரில் ஒரே வெள்ளை ஒயினாக விற்க வேண்டுமென்று வருடாவருடம் இரண்டையும் கலந்து பார்ப்பார்கள், வருடாவருடம் வாயில் வைக்க முடியாது. இந்தமுறையும் சரிவராவிட்டால் மேட்டுக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் வாசனைத் திராட்சையை நட வேண்டுமென்று அண்ணன் சொல்லியிருந்தான். சரியென்று தலையாட்டிவிட்டு வந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கலவை ஏன் சரிவரவில்லை என்பது வேறு யாருக்கும் எளிதாக விளங்கியிருக்கும், அவர்கள் இருவருக்கும்தான் விளங்கவில்லை. கரண்டியைக்கூட எண்ணிப் பிரித்துக்கொண்ட குடும்பம் அது. ஒயினையும் பாதிக்குப் பாதிதான் கலந்தார்கள். ஒரு சொட்டு கூடினாலும் மனஸ்தாபம் வந்துவிடுமாம். அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அதிகம் சண்டை போட்டவளே அவள்தான்.

இந்த வாரம் ரோஷத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் தன் பங்கைத் தானே குறைத்துப் பார்த்தாள். குறைக்கக் குறைக்க மனசு அடித்துக்கொண்டது. பத்தில் ஒரு பங்குக்கு வந்தபோது ஒயின் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

அண்ணன் ஒரு வாய் எடுத்து உருட்டினான். எதையும் ருசி பார்த்துவிட்டு வாளியில் துப்பிவிடுகிறவன், விழுங்கினான். விழுங்கியது அவனுக்கே தெரியவில்லை.

"பாத்தியா! உன்னுது இல்லன்னா எவ்வளவு நல்லா இருக்கு!"

"அப்படியா? இதையும் குடிச்சுப் பாரு" என்று அடுத்த குவளையை நகர்த்தினாள்.

அவன் குடித்தான். வெள்ளைப் பூ வாசமும் பழுத்த பேரிக்காயும் வாசலுக்கே வந்து கையைப் பிடித்தன. உள்ளே போனால் உட்காரச் சொல்ல ஆளில்லை.

"இது என்ன, பாதியிலயே படுத்துருச்சு? இதுதானே உன்னுது கலந்தது?"

"இல்லண்ணே. இது முழுக்க உன்னுது."

தொட்டி கழுவிக்கொண்டிருந்த அண்ணி பிரஷைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களா? நல்லா வேணும்!"

அவன் அசடு வழிய முதல் குவளைக்கே திரும்பினான். அதே பூ, அதே பேரிக்காய். ஆனால் வாசனை தொய்யப்போகும் இடத்தில் எலுமிச்சைத் தோலின் ஒரு சுள்ளென்ற கீற்று வந்து அதைத் தாங்கிப் பிடித்தது. அதன் பின்னால் மழையில் நனைந்த கல்லின் வாசம். கடைசியில் நாக்கு நுனியில் லேசான உப்பு, இன்னொரு வாய் கேட்டது. அவன் கேட்டபடியே கொடுத்தான்.

"எவ்வளவு ஊத்தின?"

"பத்துல ஒண்ணு."

"அவ்வளவுதானா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "உன் பங்கு ரொம்பக் குறைஞ்சுபோச்சே, புளிப்பு."

"குறையட்டும். அது இல்லாம உன்னுது எழுந்து நிக்குமா, சொல்லு."

அவன் குவளையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டு, "மேட்டுல எவனாவது ஒரு கொடியில கை வைக்கட்டும், பாத்துக்கறேன்" என்றான், பிடுங்கச் சொன்னது வேறு யாரோ என்பதுபோல.

அவளுக்குக் கூடமே அதிரக் கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதிலாகத் தன் தொட்டியில் குழாயை மாட்டி, பம்பைப் போட்டாள். ஈரத் தரையில் சுருண்டு கிடந்த குழாய் ஒரு துள்ளு துள்ளி விறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் பாதத்தை வைத்தாள். உள்ளங்காலுக்கு அடியில் சில்லென்று, மேட்டு ஒயின் அண்ணனின் பெரிய தொட்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.