நெட்டாவின் சமையலறை வழியாகப் போகும் எல்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு கம்பளத்தில் பிறந்தது. வரலாற்றில் பிறந்திருக்க வேண்டியது. ஊரின் பழைய எல்லையைச் சுற்றும் எல்லை நடைக்கு வருகிறவர்களிடம் கொடுக்க கிர்க்லாகனின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறவன் என்று தெருவில் பெயர் வாங்கிவிட்டால் இதுதான் கதி.

தொடக்கம் ஒன்று: ‘கிளாஸ்கோ நகரம் கிர்க்லாகன் கிராமத்தை விழுங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல்…’ விழுங்கியதாம். நகரம் என்ன மலைப்பாம்பா? அடித்தேன்.

தொடக்கம் இரண்டு: ‘ஒரு காலத்தில் இங்கே ஓர் ஓடையும் தறிகளும் மதுக்கடையும்…’ ஓடை குழாய்க்குள் போய்விட்டது, தறி போய்விட்டது. மதுக்கடை அப்படியே இருக்கிறது. ‘ஒரு காலத்தில்’ என்று எழுதினால் அங்கே என்னை உள்ளே விடமாட்டார்கள்.

தொடக்கம் மூன்று: ‘நெட்டா கில்கிறிஸ்டின் கம்பளத்தில் ஆண்டுக்கு ஒரு முறை ஊர்ச் சேறு படியும்.’ சரி, இது நிற்கட்டும்.

2

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கிர்க்லாகன்காரர்கள் பழைய எல்லையைச் சுற்றி நடப்பார்கள். முன்னால் கொடி, அதன் பின்னால் பேக்பைப் என்ற துருத்தி வாத்தியம் ஊதுகிறவர், பிறகு ஜனம், நாய்கள். பிற்பாடு வந்த கட்டடங்கள் எதுவும் எல்லையைக் கேட்டுக்கொண்டு எழும்பவில்லை. ஆகவே ஊர்வலம் ஒரு டயர் கடைக்குள் நுழையும், சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த பட்டாணியைத் தாண்டிப் போகும், நெட்டாவின் முன்வாசலில் ஏறி சமையலறைக் கதவு வழியாக இறங்கும். அவள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை, அதன் ஓரமாக எல்லை மேலே போகும்.

நெட்டாவின் கணவர் ஆர்ச்சிதான் கொடி பிடிப்பார். நெட்டாவின் வேலை, கம்பளத்தின் மேல் பழைய செய்தித்தாள்களைப் பரப்புவதும் வருகிறவர்களைத் திட்டுவதும்.

“கொடி புடிக்கிற ராசா, கால தொடச்சிட்டு வா! ஊரு செத்து நூறு வருஷமாச்சு, அதோட சேறு மட்டும் சாக மாட்டேங்குது!”

“எல்லை போற வழியில நீ கம்பளத்தப் போட்டா, எல்லை என்னடி பண்ணும்?” என்பார் ஆர்ச்சி.

பிப்ரவரியில் ஆர்ச்சி இறந்துபோனார். (அந்த மரணத்தை மூன்று பத்திகளில், ஜன்னலில் பனி விழ விழ எழுதியிருந்தேன். நெட்டாவிடம் படித்துக் காட்டினேன். “அந்த மனுஷன் இவ்ளோ அழகாவா செத்தாரு? இருமி இருமிச் செத்தாரு. எடு அத,” என்றாள். எடுத்துவிட்டேன்.)

3

இனி ஃபெர்கஸ். நடைக் குழுவின் தலைவர், நல்ல மனிதர். தொல்லையே அதுதான். கெட்டவனாக இருந்தால் நான் இந்தக் கதையை எப்போதோ முடித்திருப்பேன். ஐம்பது தாண்டியவர், ஆனால் நெட்டாவுக்கு இன்னமும் பக்கத்து வீட்டுப் பொடியன்.

“பாவம், இந்த வருஷம் அவங்கள விட்டுடலாம். முன்தெரு வழியா சுத்திப் போயிடலாம்,” என்றார் குழுவில். எல்லோரும் உருகிப்போனார்கள். கொடியை, உயரமானவன் என்ற ஒரே தகுதிக்காக, என் தலையில் கட்டினார்கள். பிறகு ஃபெர்கஸ் ஒரு டப்பா பிஸ்கட்டுடன் நெட்டாவிடம் போனார். துணைக்கு நான்.

“மிசஸ் கில்கிறிஸ்ட், இந்தத் தடவ நாங்க உங்க வீட்டுக்குள்ள வரல. நிம்மதியா இருங்க.”

“எந்தப் பக்கமா போறீங்க?”

“முன்தெரு வழியா.”

“அப்போ என் வீடு?”

“அது… அது இங்கேயேதான் இருக்கும்.”

“எங்கேடா இருக்கும்? கோட்டுக்கு வெளிய இருக்கும்! கிளாஸ்கோவுல! அவரு போய் நாலு மாசம் ஆகல, அதுக்குள்ள என்னைய ஊர விட்டுத் தள்ளி வைக்கிறியா?”

“ஐயோ, நீங்கதானே வருஷா வருஷம் திட்டுவீங்க?”

“திட்டுவேன். என் வீட்டுக்குள்ள வர்ற ஊர நான் திட்டுவேன். வராத ஊர எப்படிடா திட்டுறது? பிஸ்கட்ட எடுத்துட்டுக் கெளம்பு.”

4

கேட்டுவிடுங்கள், எனக்கும் தோன்றியதுதான். எந்த ஊர்? குப்பை அள்ளுவது கிளாஸ்கோ, விளக்குப் போடுவது கிளாஸ்கோ. இல்லாத ஊருக்கு வெளியே போனால் ஒருத்திக்கு என்ன நஷ்டம்? பெரிய புத்திசாலி போல நெட்டாவிடமே கேட்டேன்.

“அந்த ஒரு நாளு ஊரே எங்க வீட்டுக்குள்ள நடந்து போகும் தம்பி. மத்த நாளு யாரு வர்றா? எதுத்த வீட்டுல இருக்க, நீ வர்றியா?”

அதற்கு நான்

(வாக்கியம் இங்கேயே நிற்கிறது. எத்தனை தடவை உட்கார்ந்தாலும் நகரமாட்டேன் என்கிறது.)

5

முடிவுகள்.

அ) ஃபெர்கஸ் மனம் மாறி மன்னிப்புக் கேட்கிறார். நடக்காது. போலீஸுக்குப் புது வழியைச் சொல்லியாயிற்று. இரக்கப்பட்டு எடுத்த முடிவை மனிதர்கள் லேசில் மாற்றிக்கொள்வதில்லை.

ஆ) நெட்டா வெளியே வந்து கொடியை வாங்கி முன்னால் நடக்கிறாள், கூட்டம் கை தட்டுகிறது. எனக்கே கண் கலங்கியது. அவளிடம் சொன்னேன். “நான் எதுக்கு வெளிய வரணும்? நீங்க உள்ள வரணும்,” என்றாள்.

ஒரு பாத்திரமாவது எழுதுகிறவன் பேச்சைக் கேட்கிறதா பாருங்கள்.

6

சனிக்கிழமை. மழை. டயர் கடையும் பட்டாணியும் முடிந்து, தெருமுனையில் நிற்கிறோம். இடப்பக்கம் முன்தெரு. வலப்பக்கம் நெட்டாவின் வாசல், விரியத் திறந்திருக்கிறது. சமையலறை வரை தெரிகிறது. கெட்டில் கொதிக்கிறது, மேசை நிறைய கோப்பைகள். அந்தக் கோடியில் நெட்டா கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நிற்கிறாள்.

தரையில் செய்தித்தாள் இல்லை. ஒரு தாள்கூட இல்லை. கழுவி உலர்த்திய வெளிர்நிறக் கம்பளம் வெறுமனே கிடக்கிறது.

“இடப்பக்கம் திரும்புப்பா, அங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?” என்று கத்துகிறார் ஃபெர்கஸ். அவர் நின்ற இடத்திலிருந்து வாசல் தெரியாது. பேக்பைப்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

நான் இந்தத் தெருவில் குடியிருக்கிறவன், நாளைக்கு இரண்டு பேர் முகத்திலும் விழிக்க வேண்டும். நீங்கள் படித்துவிட்டுப் போய்விடுவீர்கள். இந்தாருங்கள் கொடி. நனைந்திருக்கிறது, கனக்கும். எந்தப் பக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஒன்று மட்டும். அந்த வாசலில் ஏறுவதாக இருந்தால், பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிடாதீர்கள்.