கிரிதரின் தோள் அகலம்

கொல்கத்தாவின் கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பின் சமூகக் கூடத்தில், கட்டட வடிவமைப்பாளர் ஜலஜா சனிக்கிழமைதோறும் தமிழ்க் குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்தாள். தங்கள் உடம்பைத் தாங்களே அளந்து, அதற்கேற்ற இடத்தைக் கட்டிப் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஒட்டுப்பலகையில் ஒரு குகைப்பாதை. இருபது பேர் எழுதித் தந்த தோள் அகலங்களில் பெரியது முப்பத்திரண்டு சென்டிமீட்டர். தாராளமாக இரண்டைக் கூட்டி, அகலமும் உயரமும் முப்பத்துநான்கு வரும்படி சதுரமாக ஆணியடித்தார்கள்.

பத்தொன்பது பேர் தவழ்ந்து வெளியே வந்துவிட்டார்கள். பத்து வயது கிரிதர் மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டான்.

ஜலஜா ஓடினாள். மறுமுனையில் குப்புறப் படுத்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். கைகள் முன்னால் நீண்டிருக்க, வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தான்.

"பார்போ நா ஆன்ட்டி." பயத்தில் வங்காளம்தான் முதலில் வந்தது. "என்னால முடியல."

"பயப்படாதே. பலகையைப் பேத்து எடுத்துடறேன்."

"வேணாம். எல்லாரும் பாப்பாங்க."

மூச்சு முட்டுகிற நேரத்திலும் பிள்ளைக்கு அந்தக் கவலைதான். எல்லோரையும் வராந்தாவுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே முப்பது என்றிருந்தது. முப்பது என்றால் அவன் சுலபமாக வந்திருக்க வேண்டும்.

"நிஜமா எவ்ளோ, கிரி? எனக்கு மட்டும் சொல்லு."

உள்ளே விசும்பல் கேட்டது. "முப்பத்தெட்டு. போன வாரம் என் இடுப்பு அளவைக் கேட்டுட்டு எல்லாரும் சிரிச்சாங்க."

அளவுகளை உரக்கப் படிக்கவைத்தவள் அவள்தான். குழந்தைகள்தானே என்று அந்தச் சிரிப்பைக் கண்டும் காணாமல் விட்டவளும் அவள்தான். உடம்பைப் பற்றிச் சொல்லித்தர வந்த பெரிய மேதாவி. வெட்கம் பிடுங்கித் தின்றது.

முப்பத்தெட்டு நேராக வராது. மூலைக்கு மூலை என்றால் நாற்பத்தெட்டு இருக்கிறது.

"ஒரு தோளை மேல் மூலைக்குத் திருப்பு. இன்னொண்ணு கீழ் மூலைக்கு. மூச்சை முழுசா விடு."

பலகை கிறீச்சிட்டது. அவன் அசையவில்லை.

"இன்னொரு தடவை, கண்ணா."

தோள் சரேலென்று திரும்பியது. அவன் மணிக்கட்டுகளைப் பற்றி இழுத்தாள். முழங்கை சிராய்த்து, சட்டை கிழிந்து, அவள் மடியில் வந்து விழுந்தான். 

கதவுக்கு வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கிரிதர் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தான்.

"முப்பதுன்னே இருக்கட்டும் ஆன்ட்டி."