இரும்பு மங்கைக்கு இரும்பு போதவில்லை

"கடைசி ரெண்டு ரவுண்டுல கால்ல கல்லக் கட்டின மாதிரி ஆயிடுது மாஸ்டர்."

"கல்லு இல்லம்மா அது. சோம்பேறித்தனம்."

தேவேந்திரன் மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுக்காமலே பேசுகிறவர். அதனால் சோம்பேறித்தனம் என்பது பாதி சொல்லாகவும் பாதி விசிலாகவும் வந்தது. தமிழினி முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் குனிந்து நின்றாள். சிங்கவரத்திலிருந்து தினமும் விடியலில் சைக்கிள் மிதித்துச் செஞ்சிக்கு வந்து ஓடுகிறவள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஐயாயிரம் மீட்டரைப் போன வருஷம் பத்தொன்பது நிமிஷத்தில் முடித்தாள். இப்போது இருபதரை ஆகிறது. பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு இன்னும் மூன்றரை மாதந்தான். பத்தொன்பதுக்குள் வராவிட்டால் அணியில் இடமில்லை.

மாஸ்டர் நீள நோட்டை விரித்தார். பக்கத்துக்கு எட்டுக் கட்டம். அவருடைய பயிற்சி விஞ்ஞான முறைப்படி நடக்கிறது என்பதற்கு அந்தக் கட்டங்களே சாட்சி.

"எத்தினி மணிக்குப் படுத்த?"

"ஒம்போது."

"முட்டை?"

"ரெண்டு."

"காலைல நாடி?"

"எழுவத்தி ரெண்டு."

"போன வருஷம் அம்பத்தெட்டு. ஏன் ஏறிச்சு?"

"நீங்கதான் மாஸ்டர் சொல்லணும்."

"அதான் சொன்னனே. சோம்பேறித்தனம்."

"சோம்பேறிக்கு நாடி கம்மியா இல்ல இருக்கணும்?"

"எதிர்த்துப் பேசுனா இன்னும் ஏறும். போ, இன்னும் ரெண்டு ரவுண்டு."

செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலைப் படிகளில் ஏறியிறங்கும் பயிற்சியன்று பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த சுற்றுலாக்காரர் ஒருவர் தொப்பையோடு அவளைத் தாண்டிப்போய், மேலே நின்று, "வாம்மா, முடியும்!" என்று ஊக்கம் கொடுத்தார். அன்று சாயங்காலமே அவளுடைய அம்மா ஜெயசுதா அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

அங்கே நர்சு கலைமதி கேட்ட முதல் கேள்வியே மாஸ்டரின் எட்டுக் கட்டத்திலும் இல்லாதது.

"மாசா மாசம் எத்தினி நாள் போவுது?"

"ஏழு நாள்க்கா. சில மாசம் எட்டு."

"உங்க மாஸ்டருக்குத் தெரியுமா?"

"ஒரு தபா சொல்ல வந்தேன். காதப் பொத்திக்கினு, 'அதெல்லாம் லேடீஸ் மேட்டரு'ன்னுட்டாரு."

"சரி. அரிசி மெல்லுவியா?"

தமிழினி அம்மாவைப் பார்த்தாள். ஜெயசுதா மகளின் பைக்குள் கையைவிட்டு ஒரு பிடி ரேஷன் அரிசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பச்சையாத் தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை பெய்யும்டீன்னு தலபாடா அடிச்சுக்கிறேன் சிஸ்டர். கேட்டாத்தானே!"

"கல்யாணத்த அப்பறம் பாத்துக்கலாம். இரும்பு கொறஞ்சவங்களுக்குத்தான் இந்த மாதிரி அரிசி, மண்ணு, சாம்பல்னு வாய் தேடும். ரத்தம் எடுங்க."

இரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டு. ஃபெரிட்டின் ஒன்பது.

"பன்னெண்டுன்னா நல்லாத்தானே இருக்குது?" என்றாள் ஜெயசுதா.

"கோட்டையில நெல்லுக் களஞ்சியம் பாத்திருக்கியாக்கா? வெளிய இருந்து பாத்தா எவ்ளோ பெருசா நிக்குது! உள்ள ஒரு மணி நெல்லு உண்டா? இவ உடம்பு அப்பிடி. ரத்தத்துல ஓடுறது பன்னெண்டு, சேத்து வெச்சிருக்கற இரும்பு ஒம்போது. முப்பதாவது இருக்கணும். ரத்தத்துல மூச்சக் கொண்டுபோறதே இந்த இரும்புதான். அது இல்லன்னா காலுக்குக் காத்து போய்ச் சேராது. அதான் கல்லக் கட்டின மாதிரி இருக்குது."

"அப்ப சோம்பேறித்தனம் இல்லியாக்கா?" என்று தமிழினி கேட்டாள். நான்கு மாதமாக அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

"சோம்பேறியா? இந்த ரத்தத்த வெச்சுக்கினு நீ சிங்கவரத்துல இருந்து சைக்கிள் மிதிச்சதே பெருசு. மூணு மாசம் மாத்திரை. வெறும் வயித்துல, எலுமிச்சம்பழத் தண்ணியோட. முன்ன பின்ன ஒரு மணி நேரம் டீ மட்டும் கூடாது. டீ உள்ள போனா இரும்பப் புடிச்சு வெளிய தள்ளிடும்."

"டீ குடிக்காம செஞ்சியில எப்பிடிக்கா இருக்கறது?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. மறுநாளே அதற்குச் சோதனை வந்தது.

திண்டிவனம் ரோட்டில் 'ராஜாங்கம் அயர்ன் ஸ்டோர்ஸ்' இருக்கிறது. கம்பி, ஆணி, தகரம், வாணலி எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் ராஜாங்கம்தான் ஓட்டக் கழகத்துத் தலைவர். தமிழினியின் ஷூ அவர் வாங்கிக் கொடுத்தது. மாஸ்டர் அவளை ரிப்போர்ட்டோடு அங்கே கூட்டிப்போனார்.

"வாம்மா, வா. மொதல்ல டீ குடி. பச்சமுத்து, மூணு டீ சொல்லு!"

"டீ வேணாங்கய்யா. எனக்கு இரும்பு கம்மியாம்."

ராஜாங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க கம்மி? நம்ம கடையில எட்டு எம்எம்ல இருந்து முப்பத்திரண்டு எம்எம் வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கேன்."

"உடம்புக்குள்ளங்கய்யா."

"உள்ளயோ வெளியவோ, பேனர் அடிச்சாச்சே!"

அடித்துத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டைக்குத் திரும்பும் முனைவரை ஆறு பேனர். 'செஞ்சியின் இரும்பு மங்கை தமிழினி' என்று ஒரு பக்கம் அவள் ஓடினாள். இன்னொரு பக்கம் ராஜாங்கம் கைகூப்பி நின்றார். நடுவில் ஒரு கட்டுக் கம்பி. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வெள்ளிவிழா. அதையொட்டி ரத்ததான முகாம். முதல் துளி, இரும்பு மங்கை தமிழினி.

"இரும்புக்கடைக்காரன் வளக்கிற பொண்ணுக்கு இரும்பு இல்லன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் நம்ம கம்பிய நம்பி காங்கிரீட்டு போடுவான்? சொல்லு தேவேந்திரா!"

"தலைவர் சொல்றதும் வாஸ்தவந்தான்," என்றார் மாஸ்டர். அப்போது விசில் வாயில் இல்லாததால் சொல் தடையில்லாமல் வந்துவிட்டது.

கடையில் எடை போடுகிற பச்சமுத்து டீயை வைத்துவிட்டுக் குறுக்கே வந்தான். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவன் என்று தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்வான்.

"இரும்பு யாருது மொதலாளி? சனி பகவானுது. இரும்பு தோஷம் இருந்தா இரும்பு தானம் பண்ணணும். அவ்ளோதான்."

"இல்லாதத எப்பிடிண்ணே தானம் பண்றது?" என்றாள் தமிழினி.

"ரத்தத்துல இரும்பு இருக்குதுன்னு நீதான சொல்ற? அப்ப ரத்த தானம் பண்ணா இரும்பு தானம் பண்ணதுக்குச் சமம். குடுக்கக் குடுக்கப் பெருகும்."

ராஜாங்கம் மேஜையில் ஓங்கித் தட்டினார். "பாத்தியா! மருந்தும் ஆச்சு, முகாமும் ஆச்சு!"

தமிழினி நேரே கலைமதியிடம் ஓடினாள். நடந்ததைக் கேட்ட கலைமதி சிரிக்கவில்லை.

"ஒரு பை ரத்தம் குடுத்தீன்னா, மூணு மாசம் மாத்திரை தின்னு சேக்கற இரும்பு ஒரு வேளையில போயிடும். அப்பறம் தேர்வு இன்னா, தெருவ சுத்தி வரதுகூட கஷ்டம்."

"மாட்டேன்னா ஷூவத் திருப்பிக் கேப்பாங்கக்கா. மைதானத்துலயும் உட மாட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை முகாமுக்கு நாந்தான் டியூட்டி. வந்து வெரல மட்டும் நீட்டு."

கல்யாண மண்டபத்தில் ஞாயிறு காலை நல்ல கூட்டம். சுய உதவிக் குழுப் பெண்கள், வல்லத்திலிருந்து வந்த கொத்தனார்கள், ஓட்டக் கழகத்துப் பையன்கள். மேடையிலேயே ஒரு கட்டில் போட்டு, ஜரிகைத் துணி விரித்து, மேலே பேனர் கட்டியிருந்தார்கள். ராஜாங்கம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மேடைப் படியில் மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "தமிழினி, ஒரே ஒரு பைதான்மா. தலைவரு மூஞ்சிக்காக."

"ஓடப்போறது என் காலு மாஸ்டர். தலைவரு மூஞ்சி இல்ல."

கலைமதி ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் நீலத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். மயில்துத்தக் கரைசல். தோட்டப்பயிருக்கு அடிக்க ஊரில் எல்லாரும் வாங்குவதுதான். தமிழினியின் விரலில் குத்தி, ஒரு சொட்டை அதில் விட்டாள். சொட்டு உள்ளே போகவில்லை. சிவப்பு மணி மாதிரி மேலேயே நின்றது.

ராஜாங்கம் எட்டிப் பார்த்தார்.

"மிதக்குது!" என்று மைக்கில் முழங்கினார். "மக்களே, நம்ம இரும்பு மங்கையோட ரத்தம் மிதக்குது!"

மண்டபம் கைதட்டியது. பையன்கள் விசிலடித்தார்கள்.

"லேசான ரத்தம் மொதலாளி," என்றான் பச்சமுத்து. "அதான் அந்த ஓட்டம் ஓடுது!"

"ஐயா," என்றாள் கலைமதி, "மிதந்தா ரத்தம் எடுக்கக் கூடாது. கனமான ரத்தமா இருந்தா முங்கும். இதுல இரும்பு பத்தல."

"மெதுவாப் பேசும்மா, மைக்கு ஆன்ல இருக்குது. இன்னொரு சொட்டு உடு."

இரண்டாவது சொட்டும் மிதந்தது.

"கொஞ்சம் தட்டி வுடேன், முங்கட்டும்."

தமிழினி அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இரும்பு பத்தல. மாசம் ஏழு நாள் தூரம். அதுல போவுது, ஓட்டத்துல போவுது, வந்ததும் டீயில போவுது. நாலு மாசமா சோம்பேறின்னு பேர் வாங்கினேன். இன்னிக்கு ரத்தம் குடுத்தா எனக்குத் தேர்வு கெடையாது. குடுக்க மாட்டேன்."

மாஸ்டர் காதைப் பொத்தப் போய், பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து குழுத் தலைவி மீனம்பாள் எழுந்தாள்.

"ஏம்மா சிஸ்டர், நானும் அரிசி மெல்லுவேன். எங்க ஊட்டுக்காரரு மாடு மாதிரி மெல்றியேன்னுவாரு. என் சொட்டையும் போட்டுப் பாக்கிறியா?"

அவள் சொட்டும் மிதந்தது. அடுத்தவள் வந்தாள். மிதந்தது. புடவைத் தலைப்பால் விரலைச் சுற்றிக்கொண்டு பெண்கள் வரிசை மேடையிலிருந்து வாசல்வரை போய்விட்டது. இருபத்தாறு பேரில் பத்தொன்பது சொட்டு மிதந்தது. கொத்தனார்களுடையது எல்லாம் சமர்த்தாக முங்கியது. ரத்தமும் அவர்களிடமிருந்துதான் எடுத்தார்கள்.

"இன்னாய்யா இது," என்று ராஜாங்கம் நாற்காலியில் சாய்ந்தார். "ஊருல பொம்பளைங்க யாருக்குமே இரும்பு இல்லியா?"

பச்சமுத்து குனிந்து அவர் காதில் சொன்னான். "மொதலாளி, நம்ம குடோன்ல இருநூறு இரும்பு வாணலி தேங்கிக் கெடக்குது."

ராஜாங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று மாலையே ஆறு பேனரிலும் புதுத்தாள் ஒட்டினார்கள். 'இரும்பு குறைந்த மங்கையருக்கு, இரும்பு மங்கை தமிழினி வாணலி.' ஷூவைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாஸ்டர் மறுநாள் நோட்டில் ஸ்கேல் வைத்து ஒன்பதாவது கட்டம் ஒன்றைப் போட்டார். தலைப்பு எழுத ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் 'இதர' என்று எழுதினார்.

"இதரன்னா இன்னா மாஸ்டர்?"

"நீயே எழுதிக்க. நான் பாக்க மாட்டேன்." நோட்டை மூடப்போய், "பாக்கணுமா?" என்றார்.

"பாக்கணும் மாஸ்டர். அந்த நாளுல ஓட்டத்தக் கொறைக்கணுமா வேணாமான்னு யார் சொல்றது?"

"சரி," என்றார். அன்றைக்கு விசில் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

மூன்று மாதம் மாத்திரையும் எலுமிச்சம்பழமுமாகப் போயிற்று. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வெளிக்குக் கறுப்பாகப் போனது, ஜெயசுதா பயந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். முருங்கைக்கீரையைக் கண்டாலே தமிழினிக்கு ஓடத் தோன்றியது, பயிற்சிக்கு அல்ல. பைக்குள் அரிசி இருந்த இடத்தில் மெல்ல மெல்ல சாவியும் சீப்பும் வந்தன. ஃபெரிட்டின் முப்பத்தொன்றாயிற்று. மாத்திரையை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் விடக்கூடாது என்று சொல்லிவிட்டாள் கலைமதி.

தேர்வன்று கடைசி இரண்டு ரவுண்டு வந்தபோது அவள் காலில் கல் இல்லை. பதினெட்டு நிமிஷம் ஐம்பத்து நான்கு வினாடி. மூன்றாவதாக வந்தாள். அணியில் இடம் நான்கு பேருக்கு.

மாஸ்டர் நோட்டை விரித்து நேரத்தை எழுதினார். பிறகு ஒன்பதாவது கட்டத்தில் அவள் காலையில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 'மூன்றாம் நாள்.'

"மூணாம் நாளுலயா ஓடின?" என்றார்.

செஞ்சி திரும்பியதும் கடை வாசலில் பட்டாசு. ராஜாங்கம் வாணலி ஒன்றைப் பொன்னாடைபோல் இரு கையிலும் ஏந்திக் கொடுத்தார்.

"எல்லாம் நம்ம வாணலி செஞ்ச வேலை! உக்காரும்மா. பச்சமுத்து, தங்கச்சிக்கு ஸ்பெஷலா ஒரு டீ சொல்லு!"

தமிழினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்பத்தான் மாத்திரை போட்டேன். ஒரு மணி நேரம் ஆவுங்கய்யா."

"அவ்ளோதானே," என்று ராஜாங்கமும் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "டேய், அடுப்ப அணைக்காதன்னு சொல்லு. காத்திருந்து குடிக்கட்டும்!"