நிலக்சி வீட்டு அலைவரிசை

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரை மாதத்தில், கனடாவில், வோபர்ன் பகுதியில் மார்க்கம் றோட்டைப் பார்த்தபடி நிற்கும் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் தொலைக்காட்சிப் பெட்டிகளில், தமிழ்ச் செய்தி அலைவரிசைக்கு அடுத்த எண்ணில், ஐந்தாம் மாடியில் குடியிருந்த இரத்தினவேலின் சமையலறை தெரியத் தொடங்கியது. யாரும் அங்கே கமரா வைக்கவில்லை. அந்த எண்ணில் அதுவரை சாம்பல்நிறப் புள்ளிகள்தான் இரைந்துகொண்டிருந்தன. இப்போது இரத்தினவேலின் ஒரே மகள் நிலக்சி, பதினேழு வயது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். படம் துலக்கமாக இருந்தது. கேபிள் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தவர்களுக்கு, அப்படி ஓர் அலைவரிசை தங்களிடம் இல்லை, ஆகவே அதற்குக் கட்டணமும் இல்லை என்று பதில் கிடைத்தது. கட்டணம் இல்லை என்றதும் முறைப்பாடுகள் நின்றுவிட்டன.

ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த காலம் அது. கட்டடத்தில் எந்த வீட்டிலும் தொலைக்காட்சி அணைக்கப்படவில்லை. வேலை முடிந்தவர்கள் வீட்டுக்கு வராமல் நேரே நகர நடுவிலிருந்த யூனிவேர்சிற்றி அவனியூவுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிக் கொடியோடும் பதாகையோடும் நின்றார்கள். இரத்தினவேலின் தம்பி, தன் மனைவி பிள்ளைகளோடு, வன்னியில் அகப்பட்டிருந்தான். மாசி மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து தொலைபேசி வரவில்லை. இரத்தினவேல் பார்சல் டிப்போவில் பெட்டி தூக்கிவிட்டு, தொண்டை அடைக்கும்வரை தெருவில் நின்று கத்திவிட்டு, சப்பாத்தோடு சோபாவில் படுப்பார். அவருடைய மனைவி பாலேஸ்வரி, தெருவில் நின்றவர்களுக்கென்று பெரிய சட்டிகளில் சோறு சமைத்து அனுப்பினாள். தகப்பனுடைய பெரிய சுவெற்றரைப் போட்டுக்கொண்டு திரிந்த நிலக்சியை அந்த மாதங்களில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் அதைக் குறையாக எடுக்கவில்லை. அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

எதிர்வீட்டு ஸித்தி யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து, ஒரு பையோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் சில காலம் இருந்து, பிறகு கனடா வந்து சேர்ந்தவள். அவளிடம் பிரியாணிச் சட்டி இரவல் கேட்கப் போனபோதுதான் பாலேஸ்வரி அந்த அலைவரிசையை முதன்முதலாகக் கண்டாள். நிலக்சி சமையலறைக் கதிரையில் சாய்ந்திருந்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, தொலைபேசியில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள்.

“ஐ டோல்ட் யூ, மிதுனன். டொக்டர் ஃபோர் மன்த்ஸ் எண்டு சொல்லிட்டா. நீ ஏன் ஒண்டும் கதைக்கிறாயில்லை?”

ஸித்தி ஒலியைக் குறைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“இரிங்க, பாலேஸ்.”

“உது எங்கட குசினி,” என்றாள் பாலேஸ்வரி.

“ஓம்.”

“உந்தச் சட்டி நான் ஊறப் போட்டது. அடிப்பிடிச்சுப் போச்சு.” சட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில்தான், “பிள்ளை,” என்றாள்.

இரத்தினவேல் அன்று குரலில்லாமல் வீடு வந்தார். மனைவி சொன்னதைக் கேட்டார். மகளின் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு முகம் கழுவிவிட்டு, பதாகையை எடுத்துக்கொண்டு திரும்பவும் தெருவுக்குப் போனார். அன்றிலிருந்து அவர் நிலக்சியோடு கதைக்கவில்லை. திட்டவும் இல்லை. அதற்கும் குரல் வேண்டியிருந்தது. கட்டடத்தில் சிலர் பெண் வளர்த்த விதம் பற்றிப் பேசினார்கள், சிலர் பரிதாபப்பட்டார்கள், இரண்டு வகையினரும் ஒருநாள் தவறாமல் பார்த்தார்கள். செய்தியில் வருவதைப் பார்க்க முடியாமல் போகும் நேரங்களில் விரல் தானாகவே அடுத்த எண்ணுக்கு நகர்ந்தது. அங்கே ஒரு பெண் தோடம்பழம் உரித்தாள், சத்தியெடுத்தாள், கணக்குப் பாடம் செய்தாள். ஒருவரும் சாகவில்லை.

வைகாசியில் போர் முடிந்தது. தெருவில் நின்றவர்கள் பதாகைகளைச் சுருட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சப்வேயில் ஏறினார்கள். இரத்தினவேல் வேலைக்குப் போவதை நிறுத்தி, சோபாவில் உட்கார்ந்தார். தம்பியின் பெயர் எந்த முகாமிலும் இல்லை என்று யாரோ சொன்னார்கள். செய்தி அலைவரிசையை அவரால் பார்க்க முடியவில்லை. ரிமோட்டை ஒரு தடவை அழுத்தினார். மகள் தெரிந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில்தான் அவள் இருந்தாள். எழும்பி எட்டிப் பார்த்தால் முடிந்துவிடும். அவர் எழும்பவில்லை. ஒரு கிழமை அப்படியே தொலைக்காட்சியில் தன் மகளைப் பார்த்தார். அவள் தனியாகச் சாப்பிடுவதையும், சாப்பிட முடியாமல் சோற்றுக் கோப்பையை மூடி வைப்பதையும், குளிர்பெட்டிக் கதவைத் திறந்து அந்த வெளிச்சத்தில் சும்மா நிற்பதையும் பார்த்தார். ஒரு பின்னேரம் அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து நெடுநேரம் அழுதாள். சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் வரவில்லை, தொலைக்காட்சியில் மட்டும் கேட்டது. கட்டடம் முழுவதும் அன்று பார்த்தது இதுதான்: ஒரு கை சட்டகத்துக்குள் நீண்டு, பால் விட்ட தேத்தண்ணியை அவளுக்குப் பக்கத்தில் வைத்தது. கைக்குப் பின்னால் இரத்தினவேல் வந்து, எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

“குடி,” என்றார். “ஆறப் போகுது.”

அவள் குடித்தாள். ஸித்தி தன் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தொழப் போனாள்.

மிதுனன் அப்போது கிழக்கே, ரயில் தூரத்திலுள்ள அஜக்ஸ் நகரில் இருந்தான். நிலக்சியோடு ஒரே வகுப்பில் படித்தவன். விஷயம் தெரிந்ததும் அவனுடைய தாய் ஜெயமலர், வீடு மலிவு என்று காரணம் சொல்லி, பள்ளி முடியுமுன்னமே அவனைக் கூட்டிக்கொண்டு அங்கே குடிபெயர்ந்திருந்தாள். ஆனால் அலைவரிசைக்கு ஊர் எல்லை தெரியவில்லை. அஜக்ஸிலும் அதே எண்ணில் அதே சமையலறை தெரிந்தது. போதாததற்கு, வோபர்னில் சிலநாட்களில் படம் மாறி, நிலக்கீழ் அறையில் திரைச்சீலையை மூடிவிட்டு வீடியோ கேம் விளையாடும் மிதுனனைக் காட்டியது. அவன் பஸ்ஸில் ஏறினால், முன்பின் தெரியாத பெண்கள், “தம்பி, அவள் இண்டைக்கும் ஒண்டும் சாப்பிடேல்ல,” என்று வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அவன் தொப்பியை இறக்கிக்கொண்டான். அவனுக்குக் கோபம் வந்தது, பிறகு அதுவும் களைத்துப்போனது.

ஆடி மாதம் ஒருநாள் நிலக்சி சிறிய பாஸ்மதி அரிசிப் பை ஒன்றை மேசையில் கிடத்தி, அதைத் துணியால் சுற்றிப் பழகினாள். துணி கழன்றது. திரும்பவும் சுற்றினாள். பையைத் தூக்கியபோது அது நழுவி நிலத்தில் விழுந்து வெடித்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிய முடியாமல், சிதறிய அரிசியைப் பார்த்தபடி நின்றாள். அஜக்ஸில் மிதுனன் எழுந்தான். எங்கே போகிறாய் என்று தாய் கேட்கும்போதே படியேறி வெளியே போனான். ரயிலும் பஸ்ஸும் மாறி ஐந்தாம் மாடிக்கு வந்து கதவைத் தட்டினான். இரத்தினவேல் திறந்தார்.

“மிதுனன், அங்கிள்.”

“தெரியும். ரீவியில பாக்கிறனான்.”

“உள்ள வரலாமோ?”

“வந்து என்ன செய்யப் போறீர்?”

அவன் தொப்பியைக் கழற்றினான்.

“தெரியேல்ல, அங்கிள்.”

இரத்தினவேல் கதவை விட்டு விலகினார். “சப்பாத்தைக் கழட்டிட்டு வாரும். உள்ள அரிசி கிடக்கு.”

அந்தக் கோடையில், கர்ப்பமான பள்ளிச் சிறுமிகளைப் பின்தொடரும் ஆங்கிலத் தொடர்கள் பேர்பெறத் தொடங்கியிருந்தன. நிலக்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அப்படித் தொடர் எடுக்கும் ஒரு நிறுவனத்தார் கமராவோடும் விளக்குகளோடும் வந்தார்கள். மிதுனனையும் இரத்தினவேலையும் மேசையின் இரு அந்தங்களில் இருத்தி, மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். இரத்தினவேல் புட்டை நீட்டினார். மிதுனன் வாங்கினான். நிலக்சி, தொட்டில் வாங்குவதா இரவல் எடுப்பதா என்று கேட்டாள். இதைப் பற்றி அரைமணி நேரம் கதைத்தார்கள். பொறுப்பாயிருந்த பெண், சண்டை ஏதும் நடந்தால் தன்னைக் கூப்பிடச் சொல்லித் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனாள். நிலக்சி வீட்டு அலைவரிசை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

புரட்டாதியில் நிலக்சிக்கு நோவு கண்டது. படம் சமையலறையை விட்டு அவளோடு வைத்தியசாலைக்குப் போகக்கூடும் என்று ஸித்திக்குத் தோன்றியது. அவள் மாடி மாடியாக இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டி, “நம்மட புள்ள. பாக்கிறது சரியில்ல,” என்றாள். வாதம் செய்தவர்கள் இல்லை. பெட்டிகள் அணைந்தன. சித்திரைக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் முதன்முறையாகக் குழாய்களில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வைத்தியசாலை நடைபாதையில் தொங்கிய பெட்டியையும் அணைக்கும்படி இரத்தினவேல் தாதியைக் கேட்டார். அதில் பேஸ்போல் மட்டும்தான் ஓடுகிறது என்றாள் அவள். பரவாயில்லை, அணையுங்கள் என்றார். உள்ளே மிதுனன் நிலக்சியின் கையைப் பிடித்திருந்தான். பெண்பிள்ளை பிறந்தது. வர்சிகா என்று பெயர் வைத்தார்கள். பாலேஸ்வரி பேத்தியைப் பார்த்து முதல் சொன்னது, நெற்றி வன்னியிலிருந்த மைத்துனனுடையது என்று.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துக் களைத்தார்கள். போத்தல் கழுவுதல், காய்ச்சல், தடுப்பூசி, திரும்பவும் போத்தல். மிதுனன் பாண் பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்து, மாக்குளித்த தலையோடு வந்து பிள்ளையை நெஞ்சில் போட்டபடி நித்திரையானான். அடுத்த ஆண்டுப் பனிக்காலம் முழுவதும் அவனைக் காணவில்லை. ‘எனக்குப் பத்தொன்பது வயதுதான்’ என்று கத்திவிட்டு அஜக்ஸுக்குப் போயிருந்தான். ‘எனக்கும் அதுதான் வயசு’ என்று நிலக்சி மூடிய கதவுக்குச் சொன்னதை மட்டும் பார்வையாளர்கள் கேட்டார்கள். அந்தப் பனிக்காலத்தில் ஜெயமலர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தனியாக வந்து, பேத்தியைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். வசந்தத்தில் மிதுனன் திரும்பி வந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை, பிள்ளையின் மூத்திரத் துணியை மாற்றினான். நிலக்சி மாலை வகுப்பில் பள்ளிப் படிப்பை முடித்து, முதியோரைப் பராமரிக்கும் படிப்பில் சேர்ந்தாள். இரத்தினவேல் திரும்பவும் டிப்போவுக்குப் போனார். தம்பியைப் பற்றித் தகவல் வரவில்லை.

பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். யூனியன்வில்லில் வீடு வாங்கிப் போனவர்கள் அங்கேயும் அந்த எண் வருகிறதா என்று ஒருதரம் பார்த்து, வருகிறது என்று கண்டு, வேறு எதையோ போட்டார்கள். புதிதாக வீடெடுப்பவர்களுக்குக் கட்டடத்தின் காவலாளி, குப்பை போடும் நாளையும் சலவை அறை திறக்கும் நேரத்தையும் சொல்லிவிட்டு, இந்த எண் நிலக்சி வீடு என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வர்சிகாவுக்கு நான்கு வயதானபோது ஒரு பின்னேரம் அவள் வரவேற்பறைக் கம்பளத்தில் இருந்து அந்த அலைவரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தாய் வெங்காயம் அரிந்தாள், தகப்பன் வேலைச் சப்பாத்தோடு கதிரையில் சாய்ந்து நித்திரை கொண்டான், வெங்காயம் அரிந்து முடிந்தது.

“அம்மா,” என்று வர்சிகா சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள், “இதில ஒண்டும் நடக்கேல்ல. கார்ட்டூன் போடுங்கோ.”

நிலக்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாற்றிவிட்டாள்.