மோகனசுந்தரம் தூங்கிய பகல்

கல்யாணமான மூன்றாம் மாதம் சிவப்பிரகாஷ் தன் மனைவி கௌசிகாவிடம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னான். தூக்கத்தில் அவள் திடீரென்று கையை வீசுகிறாள், சைக்கிள் மிதிப்பதுபோல் காலை உதறுகிறாள், அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறாள். அவளுக்கோ எதுவும் நினைவில்லை.

கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர் அவளை முந்தின இரவு தூங்காமல் வரச்சொன்னார். தலையெங்கும் பசை தடவி ஒயர்களை ஒட்டி, பகலில் தூங்க வைத்தார்கள். மூளை அலைகளும் வீடியோவும் சேர்ந்து பதிவாயின. இது தூக்கத்தில் வரும் ஒருவகை வலிப்பு, பரம்பரையாகவும் வரலாம் என்ற டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

கௌசிகாவுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பில், அவள் அப்பா மோகனசுந்தரம் பதினெட்டு வருடமாக மோட்டார் ரூமில்தான் படுக்கிறார். ஒரு ராத்திரி அவர் அடித்ததில் பக்கத்தில் படுத்திருந்த அம்மா பூவாத்தாளுக்கு முன்பல் உடைந்தது. அன்றிலிருந்து அம்மா சோறு போடுவாள், பேசமாட்டாள்.

அதே பரிசோதனைக்கு அப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதமாயிற்று. பைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தார். அவர் தூங்கியபோது அதே வீச்சு, அதே உதறல். மூளையின் முன்பகுதியில் மகளுக்கு வந்த அதே கூரான அலைகள்.

ஊருக்கு வந்ததும் கௌசிகா அம்மாவிடம் எல்லாம் சொல்லி, போனில் அப்பா தூங்கிய வீடியோவைக் காட்டினாள். பூவாத்தாள் மூன்று தடவை பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற கணவரிடம் கேட்டாள்.

“அப்ப எம்மேல கோவத்துல அடிக்கலீங்களா?”

“அடிச்சதே எனக்குத் தெரியாது பூவாத்தா. நீ சொன்ன. நான் அப்பிடிப்பட்டவன்தானாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவள் அடுக்களைக்குள் போனாள்.

மாத்திரையில் அப்பாவுக்கு உதறல் முக்கால்வாசி குறைந்தது. அப்பா கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டார். பேச்சு மெதுவாகத்தான் தொடங்கியது. தண்ணீர் பாய்ச்சுவது, மழை, பக்கத்துத் தோப்பில் விழுந்த மரம். போன வருடங்களைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

ஆடி மாதம் கௌசிகா முழுகாமல் இருந்தாள். விஷயம் தெரிந்ததும் அம்மா முதலில் கேட்டது இதைத்தான்.

“பொறக்கறதுக்கும் வருமா கண்ணு?”

“பாதிக்குப் பாதி வரலாம்னு டாக்டர் சொன்னாரும்மா.”

“வந்தா வரட்டும். இன்னதுன்னு நமக்குத் தெரியுமில்ல.”

பிறகு பூவாத்தாள் எழுந்து, மகளைச் சொல்லவிடாமல், பேரக்குழந்தை வரும் சேதியைத் தானே போய்க் கணவரிடம் சொன்னாள்.